சொன்னவள் ஒருத்தி, எழுதியவள் ஒருத்தி

அத்தியாயம் 11

போன வாரம் குமுதாவை ஜவுளிக்கடையின் மாடிப்படியில் பாதி ஏறிய நிலையில் விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். மேலே பயிற்சி வகுப்பு. வகுப்பு எடுக்க வந்திருப்பவள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை பிரமிளா.

இடையில் ஒரு வாரம் விட்டவர்களுக்காக நாலு வரி. மலேசியாவில் ஈப்போ நகரத்து லிட்டில் இந்தியாவில், பத்துமலை என்கிற முதலாளியின் ஜவுளிக்கடை. அதன் பட்டுப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக நிற்பவள் குமுதா. தெலுக் இந்தானில் புதுக்கிளை திறக்கப் போகிறார்கள். அங்கே மேற்பார்வை குமுதாவுக்குத்தான் என்று கடையில் எல்லோருமே முடிவு கட்டியிருந்தார்கள். முதலாளிக்கு மட்டும் திடீரென்று ஞானம் பிறந்தது. முதலில் ஒரு நாள் பயிற்சி, அன்றைக்கே ஒரு பரீட்சை, அதில் முதலாவது வருகிறவருக்குத் தெலுக் இந்தான் என்று சொல்லிவிட்டார். பயிற்சிக்குக் கல்லூரியிலிருந்து ஒரு விரிவுரையாளர் வருவார் என்றார். அது யார் என்பது குமுதாவுக்குப் படியில் வைத்துத்தான் தெரிந்தது.

சரி, இப்போது அவளை மேலே ஏற்றுவோம்.

சரக்கு அறையில் அட்டைப்பெட்டிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்னால் பிரமிளா. இஸ்திரி கலையாத குர்தா, கழுத்தில் கல்லூரி அட்டை, காதில் சின்னதாக ஒரு முத்து. குமுதாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்ததை உடனே அடக்கிக்கொண்டு, இந்தக் கடையில் தனக்கு ஒருவரைத் தெரியும் என்றும், ஆனால் இன்றைக்கு எல்லோரும் தனக்கு ஒன்றுதான் என்றும் பொதுவாகச் சொன்னாள். எல்லோரும் திரும்பிக் குமுதாவைப் பார்த்துச் சிரித்தார்கள். குமுதா கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

தங்கையின் படிப்பு மேல் தனக்குப் பொறாமையே கிடையாது என்று குமுதா பல வருஷமாகச் சொல்லி வருகிறாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள். சுங்கை சிப்புட் பக்கத்தில் தான் வேலை பார்த்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அப்பா சன்னாசி குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஈப்போவின் புந்தோங்குக்கு வந்தார். அப்போது குமுதாவுக்குப் பதினைந்து வயது, பிரமிளாவுக்கு ஆறு. அக்காவுக்குப் படிப்பு எஸ்.பி.எம். என்கிற பள்ளி இறுதிப் பரீட்சையோடு நின்றது. தங்கைக்கு அது நிற்கவே இல்லை, இன்னும் ஏதோ ஆராய்ச்சி என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் என்ன? படித்தவர்கள் படிக்கட்டும், விற்கத் தெரிந்தவர்கள் விற்கட்டும் என்று அவள் சமாதானமாக இருந்தாள். விற்பதையே ஒருத்தி படித்துக்கொண்டு வந்து எதிரே நிற்பாள் என்று அவள் நினைக்கவில்லை.

பிரமிளா நன்றாகப் பேசினாள். அதுதான் தாங்க முடியவில்லை.

விற்பது பிறவியிலேயே வரும் வரம் என்றுதான் உலகம் ரொம்ப நாள் நம்பியிருந்தது என்று அவள் ஆரம்பித்தாள். வாய் உள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும், அவ்வளவுதான், அதைப் போய் யாராவது பாடமாகப் படிப்பார்களா என்று கேட்ட காலம். நூற்று முப்பது, நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் கல்லாப்பெட்டி இயந்திரம் விற்ற ஒரு கம்பெனியில், ஓர் ஆள் மட்டும் மற்ற எல்லோரையும் விட நிறைய விற்றார். எப்படி ஐயா விற்கிறாய் என்று முதலாளி கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே பேச்சைத்தான் பேசுகிறேன் என்றார் அந்த ஆள். அப்படியானால் அதைச் சொல்லு என்று உட்கார வைத்து, சொல்லச் சொல்ல எழுதி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, மற்ற விற்பனையாளர்களை வரிக்கு வரி மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். முணுமுணுத்தவர்கள் பலர். ஆனால் விற்பனை ஏறியது. அதற்குப் பிறகுதான் மனோதத்துவப் பேராசிரியர்கள் வந்தார்கள், பல்கலைக்கழகங்கள் வந்தன, விற்பது ஒரு துறையாயிற்று.

"பொறந்து வர்றதில்ல, சொல்லிக் குடுத்தா வரும். இதுதான் மொத பாடம்," என்றாள் பிரமிளா.

கீழ்த்தளத்தில் பஞ்சாபி சூட் பிரிவில் நிற்கும் பாப்பா கையைத் தூக்கினாள். இருபத்து நாலு வயது, சுறுசுறுப்பான பெண். அந்த ஆள் எதற்காகத் தன் பேச்சை விட்டுக்கொடுத்தார் என்று கேட்டாள். பிரமிளா சிரித்தாள். அவர் முதலாளிக்கு மச்சான் முறை, வீட்டு ஆள்தானே, கொடுத்துவிட்டார் என்றாள். அறையே சிரித்தது.

பிறகு புத்தகத்தைக் கொடுத்தார்கள். பதினாறு பக்கம், பளபளப்பான அட்டை. 'விற்பனை உரையாடல்: எட்டு நிலைகள், இருபது வாக்கியங்கள்.' அடியில், பிரமிளா சன்னாசி.

குமுதா அந்தச் சன்னாசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கும் அப்பாதான். பக்கத்தைப் புரட்டினாள்.

முதல் வாக்கியம்: 'உக்காருங்க. புடவை எங்கயும் ஓடிப் போகாது.'

இரண்டாவது: 'இதைக் கட்டினா யாரு பாத்து வயிறு எரியணும்? அதை மொதல்ல சொல்லுங்க.' அதன் கீழே அடைப்புக்குள்: (இங்கே லேசாகச் சிரிக்க வேண்டும்).

குமுதாவுக்குக் காது சூடாயிற்று.

அது அவளுடைய கேள்வி. பட்டு எடுக்க வருகிற எந்தப் பெண்ணையும் அவள் முதலில் விலை கேட்பதில்லை, நிறம் கேட்பதில்லை. யார் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்றுதான் கேட்பாள். கேட்டதும் அவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்து உண்மையைச் சொல்வார்கள். நாத்தனார் என்பார்கள், ஓரகத்தி என்பார்கள், கூட வேலை செய்கிற சூப்பர்வைசர் என்பார்கள். அதற்கப்புறம் எந்தப் புடவையை எடுத்துப் போட வேண்டும் என்று குமுதாவின் கைக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

அவள் மளமளவென்று புரட்டினாள். ஏழாம் நிலை. வாடிக்கையாளர் எந்தப் புடவையிலிருந்து கையை எடுக்காமல் இருக்கிறாரோ அதைக் கவனி. 'கையை எடுங்கம்மா, மடிச்சு உள்ள வச்சிடுறேன்' என்று சொல். கையை எடுக்க மனம் வராத புடவைதான் அவருடைய புடவை. பத்தொன்பது வருஷத்தில் அவள் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத வித்தை அது. அவள் இழுத்துப் பேசுகிற இடம், நிறுத்துகிற இடம், மூச்சு விடுகிற இடம் எல்லாம் அடைப்புக்குறிக்குள் இருந்தன. ரெண்டாவது வாக்கியத்தில் தான் சிரிப்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

போன தீபாவளிக்கு முன்னால் ரெண்டு மாசம் பிரமிளா கடைக்கு வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆராய்ச்சிக்கு என்றாள். கைப்பேசியை மேசை மேல் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். போலே லா, தாராளமா வச்சுக்கோ என்றாள் இவள். வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம், இவ என் தங்கச்சி, காலேஜ் லெக்சரர், என்னைப் பாக்க வந்திருக்கா என்று பெருமையாக வேறு சொன்னாள்.

மற்றவர்களுக்கும் விஷயம் புரியாமல் இல்லை. பாப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, இது அப்படியே நீங்க பேசுறதாச்சே அக்கா, நீங்க படிக்கவே வேணாம், தெலுக் இந்தானுக்குப் பெட்டியைக் கட்டுங்க என்று காதோடு சொன்னாள். அந்தப் பெண் உள்நோக்கம் இல்லாமல்தான் சொன்னாள். அதனாலேயே குமுதாவுக்கு இன்னும் எரிந்தது.

தேநீர் இடைவேளையில் பிரமிளா பிளாஸ்டிக் தட்டில் கறிபாப் பலகாரம் எடுத்துக்கொண்டு அக்காவைத் தேடி வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டாள். வகுப்பா என்றாள் குமுதா. எல்லாம்தான் என்றாள் பிரமிளா. அம்மாவுக்கு மூன்று நாளாகவே தெரியும், சொன்னால் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய் என்று அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றாள், என்றும் சேர்த்துக்கொண்டாள். மூன்று நாளாக ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட அம்மா.

குமுதா கறிபாப்பை எடுக்கவில்லை. எட்டாம் நிலை வரைக்கும் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். பிரமிளா சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டாள். வாசகர்களே, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகுதான் குமுதா அந்த மகா முட்டாள்தனமான முடிவுக்கு வந்தாள்.

பரீட்சை மத்தியானம் இரண்டரைக்கு. முதலாளியின் மனைவி விமலா வாடிக்கையாளராக உட்காருவார். ஆளுக்குப் பத்து நிமிஷம். முதலாளி கையில் ஒரு தாள், பிரமிளா கையில் ஒரு தாள். இருபது வாக்கியத்துக்கும் இருபது கட்டம். சொன்னால் சரி போடுவார்கள், அவ்வளவுதான்.

பாப்பா ஐந்தாவதாக வந்தாள். உக்காருங்க என்றாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். குமுதா சுவரோரம் நின்று தன் குரலைத் தன்னை விட இருபது வயது குறைந்த ஒருத்தியின் வாயில் கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. விமலாவே வேடிக்கையை மறந்து, யார் வயிறு எரிய வேண்டும் என்ற கேள்விக்குத் தன் சின்ன மருமகளின் பெயரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இருபதுக்கு இருபது.

கடைசியில் குமுதா. அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது எல்லோரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பாட்டை எழுதியவரே பாட வந்தால் எப்படி உட்காருவோமோ அப்படி.

அவள் மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. என் வார்த்தையை நானே மனப்பாடம் செய்து ஒப்பித்து, அதற்கு இவள் மார்க் போட்டு, நான் பாஸ் ஆக வேண்டுமா? செத்தாலும் முடியாது. இருபதில் ஒன்றுகூட என் வாயிலிருந்து வராது.

"வாங்க. என்ன வேணும்?" என்றாள், ஆணி விற்கிற கடைக்காரர் போல.

விமலா திகைத்துப் போனார். ஒரு பட்டு வேணும் என்றார். குமுதா நாலைந்தை எடுத்துப் போட்டாள். விலை சொன்னாள், நீளம் சொன்னாள், துவைக்கக் கூடாது என்றாள். விமலாவின் கை அரக்கு நிறப் புடவையின் முந்தியில் போய் உட்கார்ந்தது, அப்புறம் நகரவே இல்லை. குமுதாவின் நாக்கு நுனி வரைக்கும் அந்த வாக்கியம் வந்துவிட்டது. அதைக் கடித்து விழுங்கிவிட்டு, இது வேணுமா வேற காட்டவா என்று கேட்டாள். இத்தனை கட்டுப்பாடாக இருந்தும் பழக்கதோஷத்தால் நாலு வாக்கியம் நழுவி விழுந்தன. பிரமிளா அந்த நாலுக்கும் சரி போட்டாள். மீதிப் பதினாறு கட்டத்தைப் பார்த்தபடி தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் எப்போதும் கீழே கல்லாவில் உட்காருகிறவர். மாடியில் எது விற்கிறது என்று தெரியும், எப்படி விற்கிறது என்று ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை.

"ஒடம்பு சரியில்லையா குமுதா?" என்று கேட்டார்.

நல்லாத்தான் இருக்கேன் மொதலாளி என்றாள் அவள். அவர் ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தனக்கும் இது பிடிக்கவில்லை, ஆனால் எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தையை மாற்ற முடியாது என்று சொல்லி, தெலுக் இந்தானுக்குப் பாப்பா என்று அறிவித்தார். கைதட்டினார்கள். பாப்பா அழுதுகொண்டே குமுதாவிடம் வந்து, எல்லாம் உங்களைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான் அக்கா என்றாள். ஆமாம், அதில் ஒரு பொய்யும் இல்லை.

இந்த வருத்தத்தையாவது குமுதா தாங்கியிருப்பாள். அதற்கு மேல் ஒன்று ஐந்து மணிக்குக் காத்திருந்தது.

ஐந்து மணிக்குச் செமோரிலிருந்து ஓர் அம்மாவும் கல்யாணப் பெண்ணும் பட்டுப் பிரிவுக்கு ஏறி வந்தார்கள். குமுதாவுக்கு உயிர் வந்தது. இங்கே தாளும் இல்லை, கட்டமும் இல்லை. இது அவள் மேசை. உட்கார வைத்தாள். பெண்ணின் கழுத்து நிறத்தைப் பார்த்தாள், அம்மாவின் கைப்பையைப் பார்த்தாள். மனசு லேசாகி, வாய் தானாகத் திறந்தது.

"இதைக் கட்டினா யாரு பாத்து வயிறு எரியணும்? அதை மொதல்ல சொல்லுங்க."

அந்தப் பெண் சிரித்தாள். எப்போதும் வருகிற சிரிப்பு இல்லை அது. அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"கீழ உள்ள அக்காவும் இதையேதான் கேட்டாங்க. கடையில ட்ரெயினிங் குடுக்குறாங்க போல லா."

குமுதாவுக்கு அடுத்த வாக்கியம் வரவில்லை. வாயைத் திறந்தால் பாப்பா மாதிரி பேசுகிறோம் என்று தோன்றியது. சிரித்தால் அடைப்புக்குறி ஞாபகம் வந்தது. வேறு எப்படியாவது பேசிப் பார்ப்போம் என்றால், பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு வேறு பேச்சு சேரவில்லை. புடவைகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா நீலத்தைத் தொட்டார், பச்சையைத் தொட்டார், கடைசியில் கைப்பையை எடுத்துக்கொண்டு, நாலு கடை பாத்துட்டு வாரோம் என்று எழுந்தார்.

குமுதாவின் மேசையிலிருந்து கூரைப் புடவை எடுக்க வந்த ஒருவர் வெறும் கையோடு இறங்கிப் போனது எப்போது என்று யோசித்தால் அவளுக்கே நினைவில்லை. அவள் கலைந்த பட்டை ஒவ்வொன்றாக மடித்தாள். தங்கை மேல் இருந்த பொறாமை இப்போது வெறுப்பாகவே ஆகிவிட்டது. அதை அவள் தனக்கே மறைக்கவில்லை.

ஆறரைக்குப் பிரமிளா காரைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். நான் பஸ்ஸிலே போறேன் என்றாள் குமுதா. மழை தூறியது. ஏறிக்கொண்டாள்.

கார் லஹாட் சாலை விளக்குக்கு வந்தது. சிவப்பு விழுந்ததும் பிரமிளா ஆரம்பித்தாள்.

"வேணும்னுதான் பண்ணினே."

"என் பேரு எங்கடி?"

"எது?"

"அட்டையில. என் பேரு எங்க?"

பிரமிளா ஏதேதோ சொன்னாள். ஆராய்ச்சி விதிப்படி யாரிடம் கேட்டு எழுதினோமோ அவர் பெயரைப் போடக்கூடாது என்றாள். உள்ளே மூன்றாம் பக்கத்தில் 'அனுபவமுள்ள ஒரு விற்பனையாளர்' என்று போட்டிருக்கிறேன் என்றாள். பரீட்சையில் நீ முதலாவதாக வருவாய், உன் வாக்கியமாக இருந்தால் உனக்கு வசதியாக இருக்கும் என்று நம்பித்தான் இந்தப் புத்தகத்தையே முதலாளியிடம் கொடுத்தேன் என்றாள். குமுதா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையானது பிரமிளாவுக்குத் தெரிந்தது.

அவள் காரை ஓரமாக, மூடியிருந்த ஒரு டயர் கடை முன்னால் நிறுத்தினாள்.

"அந்த இருபது வரியும் எனக்குத் தலைகீழாத் தெரியும் அக்கா. கண்ணாடி முன்னாடி நின்னு உன்னை மாதிரியே சொல்லிப் பாத்திருக்கேன். காலேஜ் கார்னிவல்ல ஸ்டால் போட்டு, நானே நின்னு சொன்னேன். ஒருத்தர் நிக்கல. எனக்கு வரல. வராததாலதான் பாடமாச் சொல்லிக் குடுக்கிறேன்."

குமுதா திரும்பவில்லை.

"சின்ன வயசுலேருந்து பாக்குறேன். நீ வாயைத் தொறந்தா எல்லாரும் ஒன்கிட்ட வந்துடுவாங்க. நான் பரீட்சையில ஏழு ஏ எடுத்துட்டு வந்து நிப்பேன், வந்தவங்க ஒன் பேச்சைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. எனக்கு எப்படி இருக்கும்?"

இதைக் கேட்ட குமுதாவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவா? சந்தோஷம். வெட்கமில்லாத சந்தோஷம். காலையிலிருந்து காய்ந்து கிடந்த தொண்டையில் சர்பத் இறங்கியது போல இருந்தது. இத்தனை படித்தவளுக்கு, கழுத்தில் அட்டை மாட்டியவளுக்கு, என் மேல் பொறாமை. தங்கை தோளைத் தட்டி, போடி பைத்தியம் என்று அந்த நிமிஷமே எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். அம்மா மங்களம் அங்கே இருந்திருந்தால் அப்படித்தான் முடித்திருப்பாள்.

ஆனால் சந்தோஷம் போதவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும்போல் இருந்தது.

"அந்தப் புத்தகத்துல மூணு எடம் தப்பு," என்றாள் குமுதா.

பிரமிளா சட்டென்று நிமிர்ந்தாள். "எந்த மூணு?"

"எழுதுனவளுக்குத்தான் தெரியணும்."

"அக்கா, நாப்பது மணி நேரம் ரெக்கார்டிங் கேட்டு எழுதினது. எப்படித் தப்பு வரும்? ரெண்டாம் நிலையா? ஏழா? எதுன்னு சொல்லிடு."

பிரமிளா பையிலிருந்து புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துவிட்டாள். காருக்குள் விளக்கைப் போட்டாள். நான் சொல்லமாட்டேன், அந்த மூணும் தெரியாததால்தான் உனக்கு வரவில்லை என்று குமுதா நிதானமாகச் சொன்னாள். பிறகு தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு விடச் சொன்னாள்.

வாசகர்களிடம் மட்டும் ஒளிக்கக் கூடாது. புத்தகத்தில் மூன்று இடமும் தப்பில்லை, ஒரு இடமும் தப்பில்லை. குமுதா சொன்னது முழுப் பொய்.

வீட்டில் அம்மா மங்களம் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, சின்னவ வகுப்பு நல்லா எடுத்தாளா என்று கேட்டாள். பிரமாதம் என்றாள் குமுதா. புருஷன் தர்மேந்திரன் அப்போதுதான் ஜெலாப்பாங் தொழிற்சாலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். தெலுக் இந்தான் என்ன ஆச்சு என்று அவன் கேட்டதற்கு, பாப்பாவுக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அவன் பின்னாலேயே வந்தான். அவன் என்ன கேட்டிருப்பானோ, அதற்குள் அவள் கைப்பேசி மூன்று தடவை அதிர்ந்தது.

முதல் இரண்டும் பிரமிளா. 'அக்கா, மொத எடம் நாலாம் பக்கமா?' என்று ஒன்று. 'கோவமா இருக்கியா, ப்ளீஸ் சொல்லு' என்று இன்னொன்று. குமுதா வெங்காயத்தை உரித்துக்கொண்டே ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தாள்.

மூன்றாவது, முதலாளியின் குரல்பதிவு. தர்மேந்திரனும் கேட்கும்படி அழுத்தினாள்.

"குமுதா, ஒன் தங்கச்சி இப்பத்தான் கூப்பிட்டுச்சு. அந்தப் பேச்சு மொத்தமும் ஒன்னோடதுதான்னு எல்லாத்தையும் சொல்லிடுச்சு. எனக்கு யாரும் சொல்லவே இல்லையேம்மா. அதுல மூணு எடம் தப்புன்னு நீ சொன்னியாம். நாளைக்கு அந்தப் புத்தகம் இன்னும் ஐந்நூறு காப்பி அச்சுக்குப் போவுது. காலையில ஒம்பது மணிக்கு வந்து எல்லாருக்கும் முன்னாடி அந்த மூணையும் காட்டிடு. நீ காட்டிட்டின்னா, தெலுக் இந்தானைப் பத்தி மறுபடி பேசுவோம்."

தர்மேந்திரனின் முகம் பிரகாசமாயிற்று. அப்படிப் போடு, காட்டிட வேண்டியதுதானே என்றான். குமுதா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து அந்தப் பதினாறு பக்கத்தை எடுத்தாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பென்சில் கையில் தயாராக இருந்தது. எங்கேயாவது ஒரு வார்த்தை இடறாதா, ஒரு நிறுத்தம் பிசகாதா, சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிக்கச் சொல்லியிருக்க மாட்டாளா என்று விரலை வைத்து வைத்துத் தேடினாள். முதல் நிலையில் இல்லை. இரண்டில் இல்லை. மூன்றாவது நிலைக்கு வந்தபோது தேடுவதையே மறந்துவிட்டாள். புத்தகத்துக்குள் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். எதிரே இருப்பவளின் மனசைத் தொட்டு, கிண்டல் பண்ணி, கொஞ்சம் விட்டுப் பிடித்து, அவசரமே இல்லாமல் பேசினாள். ஐந்து மணிக்கு வாயடைத்து நின்ற குமுதா அவளுக்குக் கால் தூசு பெறமாட்டாள்.

எட்டாம் நிலையும் முடிந்தது. பென்சில் ஒரு இடத்திலும் படவில்லை.

எத்தனை கண்டுபிடிச்சே என்று தர்மேந்திரன் கேட்டான். குமுதா பென்சிலைக் கீழே வைத்தாள். பிரமிளாவும் பாப்பாவும் அவளுக்கு மறந்தே போயிருந்தார்கள். புத்தகத்துக்குள் பேசிக்கொண்டிருந்த அந்தக் கெட்டிக்காரி மேல்தான் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.